குறுவாளுக்கு ஜாதகம் பார்க்கப் போன கதை

நாள் 1, செவ்வாய். லண்டன்

வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பிக்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. பழம்பொருள் ஏதும் இருந்தால் விவரம், காலம், ஆதாரம் மூன்றையும் எழுத வேண்டும். விவரம் எழுதிவிட்டேன்: ரொண்டல் வகைக் குறுவாள், நீளம் 38 சென்டிமீட்டர், எடை 310 கிராம். காலம் என்ற இடத்தில் 1450 என்று போட்டேன். ஆதாரம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு சின்ன ஊர் ஏலத்தில் 740 பவுண்டுக்கு எடுத்தது. ‘ஆங்கிலேயர் வேலை, சுமார் 1450, தேம்ஸ் ஆற்றில் கண்டெடுத்தது’ என்று விற்பனைப் பட்டியலில் ஒரு வரி. யார் எடுத்தார், எந்தக் கரையில் எடுத்தார் என்று கேட்டதற்கு, “முன்பு வைத்திருந்த குடும்பத்தார் அப்படித்தான் சொன்னார்கள்” என்றார்கள். எனக்கும் அன்றைக்கு அது போதுமாக இருந்தது. ஆசைப்பட்டு வாங்குகிறவன் அதிகம் கேள்வி கேட்பதில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல்ரூமில் பதினோரு வருடம் வெர்னியர் அளவுகோல் பிடித்தவன் நான். ஒரு புஷ் அரை நூல் தப்பினாலும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சொந்தக் காசில் வாங்கிய பொருளுக்கு மட்டும் ஒரு வரியை நம்பி ஆறு வருடம் ஓட்டியிருக்கிறேன். மிச்சமிருந்த விடுப்பை இதற்கே போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். “கத்திக்கு ஜாதகம் பார்க்கக் கிளம்பிட்டீங்களா?” என்றாள் மனைவி.

குறுவாள் கூட வரவில்லை. இந்த நாட்டில் தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தியோடு திரிவது குற்றம். ரயில் நிலையத்தில் நின்று போலீஸ்காரருக்கு மத்திய கால வரலாறு சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் அளவுகள், நிழற்படங்கள், தாளில் வைத்து வரைந்த வெளிக்கோடு, இவ்வளவுதான் என் பையில். குறுவாளை க்ராய்டனில் விலங்கு மருத்துவமனையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவனிடம் விட்டு வந்திருக்கிறேன். “நாய் பூனை வராத நேரமா பாத்து எக்ஸ்ரே எடுத்து அனுப்புறேண்ணே” என்று சொல்லியிருக்கிறான்.

முதல் இடம் மான்செஸ்டர் சதுக்கத்தில் உள்ள வாலஸ் சேகரிப்பு. 1900இல் பொதுமக்களுக்குத் திறந்த மாளிகை, நுழைவுக் கட்டணம் கிடையாது. ஓவியம் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். கீழ்த்தளத்து ஆயுத அறைகளில் என்னோடு இருந்தது ஒரு காவலரும் ஒரு பள்ளிக்கூடப் பையனும் மட்டும்.

குறுவாள் வகைகளை ஒரே இடத்தில் இப்படிப் பார்ப்பது பெரிய வசதி. ரொண்டல் என்பது பிடியின் இரண்டு முனையிலும் வட்டத் தகடு வைத்தது. ஓங்கிக் குத்தும்போது கை வழுக்காமல் இரண்டு தகடும் தாங்கிக்கொள்ளும். அலகு, அதாவது குத்தும் இரும்புப் பகுதி, பெரும்பாலும் நீளமாக, கெட்டியாக, சிலவற்றில் முக்கோணமாகவே இருக்கும். வெட்டுவதற்குச் செய்ததல்ல. இரும்புக் கவசம் போட்ட ஆளைக் கீழே தள்ளி, அக்குளிலோ முகமூடி இடுக்கிலோ இறக்குவதற்குச் செய்தது. 14ஆம் நூற்றாண்டில் தலைகாட்டி, 15ஆம் நூற்றாண்டில் ஊரெல்லாம் பரவிய வகை இது. பாஸலார்டு என்பது பாஸல் நகரத்தின் பெயரால் வந்தது. அதன் பிடி ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஐ’ போல மேலும் கீழும் குறுக்குச் சட்டத்தோடு இருக்கும். காது குறுவாளின் தலையில் இரண்டு வட்டுகள் காது மாதிரி விரிந்து நிற்கும். ஸ்பெயினில் கிரானடாவை ஆண்ட முஸ்லிம்களிடமிருந்து இத்தாலிக்குப் போன மோஸ்தர் அது. சின்க்வெடேயா வட இத்தாலியது. பிடிக்குக் கீழே அலகு ஐந்து விரல் அகலம் என்பதுதான் பெயருக்கே பொருள்.

இன்னொரு வகை இருக்கிறது. பிடியின் அடியில் இரண்டு உருண்டைகள், மேலே நிமிர்ந்த தண்டு. பார்த்தவுடன் எதைப் போல இருக்கிறது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். மத்திய கால ஆங்கிலேயர் கூச்சமில்லாமல் அந்தப் பெயரையே வைத்து ‘பாலக்’ கத்தி என்றார்கள், அதாவது விரைக் கத்தி. விக்டோரியா காலத்து அறிஞர்களுக்கு நா கூசியது. ‘சிறுநீரகக் குறுவாள்’ என்று மாற்றிவிட்டார்கள். இடுப்பில் தொங்கியதை இரண்டு சாண் மேலே ஏற்றிவைத்த பெருமை அவர்களுடையது.

என் வேலைக்கு வந்தேன். ரொண்டல் பெட்டிக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். அலகிலிருந்து ஒரு வால் பிடிக்குள் ஏறி, தலைத்தகட்டைத் துளைத்து வெளியே வரும். அந்த நுனியைச் சுத்தியலால் அடித்து ஆணித்தலை போல மடக்கியிருப்பார்கள். உச்சியில் சப்பையான ஒரு சின்னத் தழும்பு தெரியும். என் படத்தை எடுத்துப் பார்த்தேன். என்னுடையதில் அந்த இடத்தில் அழகான ஒரு குமிழ், சட்டைப் பொத்தான் மாதிரி. ஆறு வருடமாக அதை வேலைப்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வரும் வழியில் கிழக்கத்திய ஆயுதங்கள் இருக்கும் அறை. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலைக் கட்டாரிகள் நினைவுக்கு வந்தன. அந்த ஆயுதசாலை 19ஆம் நூற்றாண்டில் கலைந்து, கட்டாரிகள் உலகமெங்கும் சிதறின. அவற்றில் பலவற்றில் பிடி நம்மூர் வேலை, அலகு ஐரோப்பாவில் அடித்தது. அலகுக்கு ஒரு வயது, பிடிக்கு வேறொரு வயது என்று தஞ்சாவூர் விஷயத்தில் எனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. சொந்தக் குறுவாளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை.

நாள் 2, புதன். தேம்ஸ் கரை

‘தேம்ஸில் கண்டெடுத்தது’ என்ற வார்த்தைக்குச் சந்தையில் நல்ல மதிப்பு உண்டு. காரணம் சேறு. ஆற்றின் அடிச்சேற்றில் காற்று புகாது. காற்றில்லாவிட்டால் துரு மெதுவாகத்தான் தின்னும். வயலில் கிடைக்கிற கத்தி மரப்பட்டை போலப் பொருக்கு விட்டு வரும். ஆற்றில் கிடைப்பது கருப்பும் பழுப்புமாக, சிலசமயம் வெட்டுவாய் கூட மழுங்காமல் வரும். லண்டன் அருங்காட்சியகத்தின் மத்திய காலக் குறுவாள்களில் ஏகப்பட்டவை இந்த ஆறு கொடுத்தவைதான்.

காலை நீர் வற்றும் நேரம் பார்த்து பேங்க்சைடு பக்கம் போனேன். மேலே நின்று பார்க்கத் தடையில்லை. கரையில் இறங்கித் தேடுவதென்றால், குனிந்து பொறுக்குவதற்கே கூட, துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருள் கிடைத்தால் பதிவு செய்தாக வேண்டும். சீட்டு வைத்திருந்த ஒரு பெரியவர் முழங்காலுக்குத் துணி கட்டிக்கொண்டு, வாளியில் களிமண் புகைக்குழாய்த் துண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தார். ஏறி வந்தபோது பேச்சுக் கொடுத்தேன். என் படத்தைப் பார்த்தவர் முதலில் கேட்டது, “பதிவு எண் இருக்கா?” இல்லை என்றேன். “அப்போ ஆறுன்னு ஏன் சொல்றீங்க?” என்றார். அவர் சொன்ன ஆங்கிலத்தில் இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்தது. கருத்து இதுதான்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆற்றின் பெயரைச் சொல்லி விற்ற மோசடிக்கு இங்கே பெரிய பரம்பரையே உண்டு. பில்லி, சார்லி என்று இரண்டு பேர், முழுப்பெயர் வில்லியம் ஸ்மித், சார்லஸ் ஈட்டன். ஆற்றங்கரையில் பொறுக்கிப் பிழைத்தவர்கள். 1857லிருந்து ஏறத்தாழ 1870 வரை, ஷாட்வெல் துறைமுகம் தோண்டிய இடத்தில் கிடைத்தது என்று சொல்லி, ஈயத்தில் மத்திய காலப் பதக்கங்களை ஆயிரக்கணக்கில் வார்த்து விற்றார்கள். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் பதக்கத்தைச் சுற்றி எழுத்து மாதிரி ஏதோ கிறுக்கல்தான் இருக்கும். பழசு என்று காட்ட 11ஆம் நூற்றாண்டு ஆண்டுகளையும் பொறித்தார்கள், நாம் இன்று எழுதும் 1, 2, 3 எண்களில். அந்த நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்த எண்களே புழக்கத்தில் இல்லை. அப்படியும் படித்த பெரிய மனிதர்கள் வாங்கினார்கள். இன்று அந்தப் போலிகளே பழம்பொருளாகி, அவற்றுக்கும் தனியாகச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

மதியம் லண்டன் பாலத்தைக் கடந்தேன். பாலத்தின் தென்முனையில் நகர எல்லையைக் காட்டும் டிராகன் சிலை, கையில் நகரத்தின் கேடயம். வெள்ளையில் சிவப்புச் சிலுவை, மூலையில் சிவப்பாக ஒரு குட்டி வாள். அது மேயர் வில்லியம் வால்வொர்த்தின் குறுவாள் என்று பலரும் நம்புகிறார்கள். 1381 ஜூன் 15 அன்று ஸ்மித்ஃபீல்டில் விவசாயக் கிளர்ச்சியின் தலைவன் வாட் டைலரை வால்வொர்த் வெட்டிச் சாய்த்தார். அதன் நினைவாகச் சேர்த்தது என்பது கதை. ஆனால் அந்த வாள் பொறித்த புது முத்திரை அதே ஆண்டு ஏப்ரலிலேயே வந்துவிட்டது. கொலைக்கு இரண்டு மாதம் முன்னால்! உண்மையில் அது நகரத்தின் காவல் புனிதர் பவுலின் வாள். பாலத்தின் வடமுனையில் மீன் வணிகர் சங்க மாளிகை. வால்வொர்த் அந்தச் சங்கத்துக்காரர். டைலரைக் குத்தியதாகச் சொல்லும் குறுவாளை உள்ளே வைத்திருக்கிறார்கள். நினைத்த நேரத்தில் நுழைந்து பார்க்க முடியாது. கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ஒரு ஏப்ரலும் ஒரு ஜூனும் பல நூறு வருடக் கதையைக் கவிழ்க்கின்றன. எனக்கும் அப்படி ஒரு ஏப்ரல் கிடைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே ரயில் ஏறினேன்.

நாள் 3, வியாழன். போர்ட்ஸ்மவுத்

இன்று பார்த்ததை எழுத ஒரு இரவு போதாது.

மேரி ரோஸ். எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல். 1545 ஜூலை 19 அன்று, பிரெஞ்சுக் கடற்படையோடு மோதப் புறப்பட்ட வேகத்தில், கரையிலிருந்து ராஜாவே பார்த்துக்கொண்டிருக்க, சாய்ந்து மூழ்கியது. ஐந்நூறு பேர் அளவில் இருந்தார்கள். பிழைத்தவர் நாற்பது பேர் கூட இல்லை. 1982 அக்டோபர் 11 அன்று மிச்சமிருந்த பாதி உடலைத் தூக்கினார்கள். இப்போது இருட்டு அறையில், விலா எலும்பு மாதிரி மரங்கள் தெரிய நிற்கிறது. எதிரே, எந்தப் பொருள் கப்பலின் எந்த மட்டத்தில் கிடந்ததோ அந்த மட்டத்திலேயே வரிசையாக வைத்திருக்கிறார்கள்.

சீப்பு, செருப்பு, ஜெபமாலை, தாயக்கட்டை. சீப்பில் பேன் முட்டை கூட இருந்ததாம். நான் தேடி வந்தது பாலக் குறுவாள்கள். அறுபதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன, ஒரே கப்பலில். பெட்டி முன்னால் போனதும் திகைத்துவிட்டேன். எல்லாம் பிடிகள். கத்தி இல்லை.

கடல் உப்பு இரும்பைத் தின்றுவிட்டது. கப்பல் மூழ்கிய சோலன்ட் கடலின் வண்டல் மரத்தைக் காப்பாற்றிவிட்டது. வழக்கத்துக்குத் தலைகீழ். உலகத்து அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் அலகு இருக்கும், மரப்பிடி மக்கிப் போயிருக்கும், இல்லாவிட்டால் பின்னால் எவரோ மாட்டியதாக இருக்கும். இங்கே பிடி மட்டும், அதுவும் 1545 ஜூலை 19 அன்று ஒருவன் இடுப்பில் இருந்த பிடி. கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு பக்கம் மழமழப்பானவை இருக்கின்றன. ஒன்றில் உருண்டைகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதும், செய்தவன் அவசரக்காரன். ஒன்றைப் போல ஒன்று இல்லை. தோல் உறைகளும் தப்பியிருக்கின்றன.

தேதி இவ்வளவு உறுதியாகக் கிடைக்கும் இடம் வேறு இருக்காது என்று முதலில் தோன்றியது. பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தபோது அந்த உறுதி கொஞ்சம் தளர்ந்தது. 1545 என்பது மூழ்கிய நாள். செய்த நாள் அல்ல. அந்த அறுபது பேரில் ஒருவனாவது அப்பன் கத்தியைக் கட்டிக்கொண்டு வந்திருப்பான். எங்கள் வீட்டில் அம்மா பயன்படுத்தும் அரிவாள்மனை பாட்டி கல்யாணத்துக்கு வந்தது. நாளைக்கு அந்த வீடு மண்ணுக்குள் போய் எவராவது தோண்டினால், பக்கத்தில் கிடக்கிற மிக்ஸியை வைத்துத்தான் அரிவாள்மனைக்கும் வயது சொல்லுவார்கள். பாலக் குறுவாள் 1300 வாக்கிலேயே வந்துவிட்ட வகை. பள்ளிப் புத்தகக் கணக்கில் மத்திய காலம் முடிந்து ஐம்பது அறுபது வருடம் ஆன பிறகும் மாலுமிகள் அதைத்தான் கட்டியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்து மலைக்காரர்கள் அதையே நீட்டி ‘டர்க்’ ஆக்கிக்கொண்டார்கள். வகையை வைத்து ஆண்டு சொல்லுகிறவன் குறைந்தது இரண்டு தலைமுறைக்கு இடம் விட்டுத்தான் சொல்ல வேண்டும்.

ரேடியோ கார்பன் முறையில் காலம் கணிக்கலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. செய்யலாம். பிடி மரத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொடுக்க வேண்டும், விடை பல பத்தாண்டு அகலத்தில் வரும், அதுவும் மரம் வளர்ந்த காலத்தைத்தான் சொல்லும். பழைய உத்தரத்தில் செதுக்கிய பிடி என்றால் உத்தரத்தின் வயதுதான் கிடைக்கும். போலி செய்கிறவர்களுக்குப் பழைய மரம் தேடிப் பிடிப்பது பெரிய காரியமும் இல்லை.

மூடும் மணி அடிக்கும்வரை இருந்தேன். இரவு தங்கிய விடுதியில் வெந்நீர் வரவில்லை.

நாள் 4, வெள்ளி. ஸ்டோக் டாபெர்னன்

கில்ட்ஃபோர்டில் ரயில் மாறி, சர்ரே மாவட்டத்தில் ஒரு சின்ன நிலையம். அங்கிருந்து நடை. கூகுள் வரைபடம் ஒரு வேலிக்குள் கொண்டுபோய் விட்டது. செயின்ட் மேரி தேவாலயம் பூட்டிக் கிடந்தது. திரும்பிவிடலாமா என்று நின்றபோது, பூ அலங்காரம் செய்ய வந்த ஒரு அம்மாள் திறந்துவிட்டார். பித்தளைத் தகடு பார்க்க வந்தேன் என்றதும் அவருக்கு வியப்பில்லை. அதைப் பார்க்கத்தான் பலரும் வருவார்களாம்.

தரையில் பதித்த தகட்டில் ஆளுயரத்துக்கு ஒரு வீரர், சர் ஜான் டாபெர்னன். தலை முதல் கால் வரை வளையச் சட்டை, கையில் ஈட்டி, நீலப் பற்சிப்பி (எனாமல்) பூசிய கேடயம். ஒவ்வொரு வளையத்தையும் உளியால் தனித்தனியாகக் கீறியிருக்கிறார்கள். பொறுமையில் நம்மூர்ச் சிற்பிகளுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

குறுவாள் விஷயத்தில் கல்லறைச் சிலைகளும் தகடுகளும்தான் பஞ்சாங்கம். இறந்த ஆண்டு அநேகமாகத் தெரியும். இடுப்பில் என்ன கட்டியிருக்கிறார் என்பதும் தெரியும். நூற்றுக்கணக்கில் இப்படி அடுக்கி வைத்துப் பார்த்துத்தான் இந்த வகை இந்தக் காலம் என்ற அட்டவணையே பிறந்தது. 13ஆம் நூற்றாண்டுச் சிலைகளில் வீரர்கள் குறுவாள் காட்டுவது அபூர்வம். 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மெல்லத் தலைகாட்டுகிறது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள், வலப்பக்கம் குறுவாள் இல்லாத வீரரைக் காண்பதே அரிது. அதற்கு முன் குறுவாள் இல்லாமல் இல்லை, இருந்தது. கல்லறை வரைக்கும் கட்டிக்கொண்டு போகும் கௌரவம் அதற்கு வரவில்லை, அவ்வளவுதான்.

டாபெர்னன் இடுப்பில் வாள் உண்டு, குறுவாள் இல்லை. அது இல்லாததைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஏனென்றால் இந்தத் தகடு 1277ஐச் சேர்ந்தது, இங்கிலாந்திலேயே மூத்தது என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். அப்படியென்றால் குறுவாள் இல்லாததில் வியப்பில்லை. பிறகு இது அப்பன் ஜானுடையதல்ல, 1327 வாக்கில் இறந்த மகன் ஜானுடையது என்று ஆய்வாளர்கள் மாற்றினார்கள். அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர், ஒரே கேடயச் சின்னம். ஐம்பது வருடம் ஒரே நாளில் நகர்ந்துவிட்டது. அளவுகோலே நகர்ந்தால் அதை வைத்து அளந்ததெல்லாம் நகரும். அம்பத்தூரில் மாஸ்டர் கேஜ் தேய்ந்துபோய் ஒரு லாட் முழுக்கத் தள்ளுபடியான அன்று சூப்பர்வைசர் முகம் எப்படி இருந்ததென்று இன்னும் நினைவிருக்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. சிலை செய்கிறவன் பழைய மாதிரியைப் பார்த்தே செதுக்கியிருக்கலாம். சிலர் உயிரோடு இருக்கும்போதே செய்துவைத்தார்கள். சிலருக்கு மகன் கையில் காசு சேர்ந்த பிறகு செய்தார்கள். அந்த அம்மாள் லில்லிப் பூவை வெட்டிக்கொண்டே, “உங்கள் ஊர்க் கோயில்களில் கல்வெட்டு இருக்குமே?” என்று கேட்டார். இருக்கும் அம்மா, அதிலும் அரசன் பெயரும் ஆட்சியாண்டும்தான் இருக்கும், எந்த ராஜராஜன் என்று நாங்களும் அடித்துக்கொள்வோம் என்றேன். சிரித்தார்.

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். பழைய மரம் கிடைப்பது எளிது என்றேன். பழைய இரும்பு கிடைப்பதும் கடினமில்லை. ஆனால் பழைய இரும்பைப் போலப் புது இரும்பைத் துருப்பிடிக்க வைப்பது கடினம். மத்திய கால இரும்பு கரி உலையில் உருகாமல் பஞ்சு மாதிரித் திரண்டு வந்தது. அடித்து அடித்துக் கசடை வெளியேற்றினாலும் கொஞ்சம் உள்ளேயே நிற்கும். அடிக்க அடிக்க அது நூலாக நீளும். நாள்பட்ட துரு அந்த நூலோடு ஓடி, பனைமட்டையைக் கிழித்தது போல நார் நாராகத் தின்னும். 1856க்குப் பின் பெஸ்ஸமர் முறையில் உருக்கி ஊற்றிய எஃகு உள்ளே ஒரே சீராக இருக்கும். அமிலம் ஊற்றிப் பழசாக்கினால் அம்மைத் தழும்பு மாதிரி எங்கும் ஒரே அளவில் குழி விழும். என் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலகில் நார் இருக்கிறது. தெளிவாக இருக்கிறது. மூன்று நாளில் முதல் நல்ல செய்தி.

நாள் 5, சனி. வழியில்

லண்டனிலிருந்து இத்தாலியின் பொலோன்யாவுக்கு விமானம், அங்கிருந்து ரயிலில் ரெஜ்ஜோ எமிலியா. பாதுகாப்புச் சோதனையில் என் பையிலிருந்த வெர்னியரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். குறுவாள் வெளிக்கோடு வரைந்த தாள் அதோடு வெளியே வந்தது. விளக்கம் சொல்லக் கால் மணி நேரம் ஆயிற்று.

இரவு உணவு: பூசணிக்காய் வைத்த டோர்டெல்லி. பூரணக் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு. நன்றாக இருந்தது.

நாள் 6, ஞாயிறு. ரெஜ்ஜோ எமிலியா

இந்த ஊருக்கு எதற்கு என்று விடுதிக்காரரே கேட்டார். இங்கே விளைகிற பாலாடைக்கட்டிக்காக வருவார்கள், இல்லாவிட்டால் ரயில் மாற வருவார்கள். நான் வந்தது லுயிஜி பார்மெஜ்ஜியானி என்ற ஆளுக்காக.

இவர் இந்த ஊர்க்காரர், அனார்கிஸ்ட். அரசாங்கம், சொத்து, முதலாளி எதுவும் கூடாது என்ற கட்சி. போலீஸ் தேடியதால் ஊர் ஊராக ஓடி லண்டன் வந்தார். 1890களில் அதே ஆள் ‘லூயி மார்சி’ என்ற பெயரில் மத்திய கால வாள், குறுவாள், பற்சிப்பிப் பேழை, நகை விற்கும் கனவானாகத் தெரிகிறார். பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது. இன்று விக்டோரியா ஆல்பர்ட் என்று பெயர் கொண்ட சவுத் கென்சிங்டன் மியூசியமும் வாங்கியது. அத்தனையும் அண்மையில் செய்தவை. இன்று ஆயுதச் சந்தையில் ‘மார்சி’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், பொருளைக் கீழே வைத்துவிடுவார்கள். ஸ்காட்லாந்து யார்டு அதிகாரி ஒருவர் தம் நினைவுக் குறிப்பில் இவரைப் பற்றி எழுதியதற்கு அவதூறு வழக்குப் போட்டு, தோற்றும் போனார். அப்புறமும் அடங்கவில்லை. பாரிஸில் ‘லெ கொனெஸ்ஸர்’ என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்து, கலைச் சந்தையின் போலிகளையும் ஏமாந்த நிபுணர்களையும் கிழி கிழியென்று கிழித்தார். திருடனே காவல்நிலையம் நடத்திய கதை. ஆனால் அவருக்குத் தெரிந்த அளவு அந்தத் தொழில் வேறு யாருக்குத் தெரியும்?

கடைசியில் சொந்த ஊர் திரும்பி ஒரு மாளிகை கட்டினார். தன் சேகரிப்பை 1932இல் நகராட்சிக்கே விற்றார். இப்போது அது பார்மெஜ்ஜியானி கலைக்கூடம். வாசலே வேறு நாட்டிலிருந்து வந்தது. ஸ்பெயினின் வலென்சியாவில் எரிந்துபோன ஒரு அரண்மனையின் கல் கதவுநிலை. அதைப் பொறுத்தவரை நிஜம்.

உள்ளே ஆயுத அறையில் சுவர் நிறைய வாளும் குறுவாளும். மார்சி பாணி எப்படியிருக்கும் என்று நான்கு நாள் பார்த்த கண்ணுக்கு உடனே பிடிபட்டது. எல்லாம் அளவுக்கு மீறி அழகு. உண்மையான குறுவாளில் செய்தவன் ஒரு இடத்தில்தான் வித்தை காட்டுவான். மீதி இடம் வேலைக்கானது. இங்கே பிடி, குமிழ், காப்பு, அலகு எல்லாவற்றிலும் வித்தை. 14ஆம் நூற்றாண்டை 19ஆம் நூற்றாண்டுக்காரன் எப்படிக் கனவு கண்டானோ அப்படியே இருக்கிறது. பயன்படுத்திய தேய்வு எங்கும் இல்லை. மேரி ரோஸ் பிடியில் கட்டைவிரல் வழவழப்பைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால், கல்யாண மண்டபத்து மெழுகு வாழைமரம் மாதிரி இருக்கிறது. ஆனாலும் மனுஷன் கைக்காரன். வெறுக்க முடியவில்லை.

அந்த அறையில் நிற்கும்போதுதான் வாட்ஸப் வந்தது. க்ராய்டன் தம்பி. “அண்ணே, ராத்திரி ட்யூட்டியில ஒரு முயலுக்கும் ஒரு பூனைக்கும் நடுவுல எடுத்தது. நல்ல செய்தியான்னு தெரியல.”

மரம் எக்ஸ்ரேயில் புகை மாதிரி. இரும்பு பளீரென்ற வெள்ளை. அலகின் வால் பிடிக்குள் பாதி தூரம் போய், கோணலாக, தேய்ந்து முடிகிறது. அதன் முனையில் உருண்டையான ஒரு கம்பியைப் பற்றவைத்திருக்கிறார்கள். கம்பி நேராக மேலே போகிறது. மேல்முனையில் இரண்டு விளிம்பிலும் சின்னச் சின்னப் பல், ஒரே இடைவெளியில். அது என்ன என்று சொல்ல எனக்கு எந்த அருங்காட்சியகமும் தேவையில்லை. மரை. அந்த அழகான சட்டைப் பொத்தான் ஒரு நட்டு.

பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். எவனோ ஒருவன், 19ஆம் நூற்றாண்டில் என்று நினைக்கிறேன், பிடி இல்லாத பழைய அலகு ஒன்றை எடுத்து, வாலை நீட்டி, மரப்பிடி கடைந்து, இரண்டு வட்டத் தகடு மாட்டி, மரை போட்டு முடுக்கியிருக்கிறான். சுத்தமான வேலை. பற்றவைத்த இடத்தில் ஒரு இம்மி கூடப் பிசகவில்லை. என் டூல்ரூமில் இருந்திருந்தால் வேலைக்கு எடுத்திருப்பேன்.

இதையும் யோசித்தேன்: அலகு தனியாக இருந்தபோது அது ரொண்டலாகத்தான் இருந்தது என்பதற்கு என்ன சாட்சி? அந்தப் பெயரே தகடுகள் கொடுத்தது. தகடு புதுசு. உருண்டைப் பிடி மாட்டியிருந்தால் அதே அலகை நான் பாலக் என்று வாங்கியிருப்பேன்.

நாள் 7, திங்கள். வீடு

குறுவாளை வாங்கி வந்துவிட்டேன். தம்பி அதை நாய்ப் போர்வையில் சுற்றிக் கொடுத்தான். வரும் வழியெல்லாம் காரில் மயிர்.

நட்டைத் திருகிப் பார்க்கலாமா என்று நேற்றிரவு முழுக்க யோசனை. திருகினேன். இரண்டு சொட்டு எண்ணெய், பத்து நிமிடம், வலப்பக்கமிருந்து இடப்பக்கம், சத்தமில்லாமல் வந்துவிட்டது. மரையை அளந்தேன். அங்குலத்துக்கு இருபது திருகு, மரைப் பல்லின் இரண்டு பக்கத்துக்கும் நடுவிலான கோணம் 55 டிகிரி. அது ஜோசப் விட்வர்த் 1841இல் முன்மொழிந்து இங்கிலாந்து முழுக்கப் பரவிய கோணம். தேடிக்கொண்டிருந்த ஏப்ரல் இதுதான். அலகின் ஆண்டு இப்போதும் என் கையில் இல்லை. பிடிக்கு ஒரு கீழ்வரம்பு கிடைத்துவிட்டது.

காப்பீட்டுப் படிவத்தை எடுத்து 1450ஐ அடித்தேன். ‘அலகு: 15ஆம் நூற்றாண்டாக இருக்கலாம். பிடி: 1841க்குப் பின்’ என்று எழுதினால் கட்டத்துக்குள் அடங்கவில்லை; ஓரத்தில் ஏற்றி எழுதினேன். ஆதாரம் என்ற இடத்தில் எக்ஸ்ரே படத்தை இணைத்திருக்கிறேன். படத்தின் மூலையில் நோயாளியின் பெயர் என்ற இடத்தில் தம்பி என் பெயரைப் போட்டிருக்கிறான். இனம் என்ற இடத்தில் ‘முயல்’ என்று இருக்கிறது.